உலகப் பொது வானொலிகளின் நல்ல பாட்காஸ்ட்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கையில் ஆண்ட்ராய்டு போன், போக வர ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம், நிதானமாகப் பேசினால் புரிகிற அளவுக்கு ஆங்கிலம். பிரிட்டனின் பிபிசி, அமெரிக்காவின் என்பிஆர் மாதிரி லாப நோக்கமில்லாத பொது வானொலிகளின் தரமான பாட்காஸ்ட்கள் வேண்டும். ஸ்பாட்டிஃபையில் தேடினால் அரைத்த மாவையே அரைக்கிறது, என்ன செய்யலாம்? இதுதான் கேள்வி.

முதலில் தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். ஓர் ஆப்பில் முன்னால் வந்து நிற்பது அந்த வாரம், அந்த நாட்டில், அதிகம் பேர் கேட்டது. பொது வானொலியின் நல்ல சரக்கோ பாட்காஸ்ட் என்ற சொல்லே பிறப்பதற்கு முன்பிருந்து ஓடிக்கொண்டிருப்பது. பிபிசியின் 'ஃப்ரம் அவர் ஓன் கரஸ்பாண்டன்ட்' 1955-இல் தொடங்கியது. கனடாவின் சிபிசி 'ஐடியாஸ்' 1965-இல். அதே சிபிசியின் அறிவியல் நிகழ்ச்சி 'குவர்க்ஸ் அண்ட் குவார்க்ஸ்', ஆஸ்திரேலிய ஏபிசியின் 'சயின்ஸ் ஷோ' இரண்டும் 1975-இல். இவற்றுக்கு விளம்பரப் பலகையும் கிடையாது, பரபரப்பும் கிடையாது. அதனால் பட்டியலில் தலைகாட்டுவது அபூர்வம். இவற்றைப் பிடிக்க வேண்டிய இடம் அந்தந்த வானொலியின் வாராந்தர நிகழ்ச்சி நிரல்.

நிலையத்தின் இணையதளத்தில் ஷெட்யூல் பக்கத்தைத் திறந்து ஒரு வாரத்தை முழுசாகப் பாருங்கள். காலை நேரச் செய்தி அலசல்களைத் தாண்டிவிடுங்கள். அவை மறுநாளே பழசு. வாரத்துக்கு ஒருமுறை, அரை மணியோ முக்கால் மணியோ, நிலையான இடத்தில் வரும் நிகழ்ச்சிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிகழ்ச்சிக்குப் பத்து இருபது வருடம் அதே இடத்தை ஒரு வானொலி ஒதுக்கி வைத்திருக்கிறது என்றால், அதன் பின்னால் ஒரு தயாரிப்புக் குழுவும் உண்மைகளைச் சரிபார்க்கும் வழக்கமும் இருக்கும். இப்படி ஐந்து நிலையங்களை மட்டும் பார்த்தால் போதும்: பிபிசி ரேடியோ 4, பிபிசி உலக சேவை, ஏபிசி ரேடியோ நேஷனல், சிபிசி, அயர்லாந்தின் ஆர்டிஇ. ஒரு வருடத்துக்குக் கேட்க இதிலேயே கிடைத்துவிடும்.

அமெரிக்கா மட்டும் கொஞ்சம் குழப்பம். அங்கே பொது வானொலி என்றால் என்பிஆர் என்று பலர் நினைத்து, அதன் தளத்தில் மட்டும் தேடிவிட்டு வந்துவிடுகிறார்கள். 'பிளானட் மனி', 'த்ரூலைன்', 'கோட் ஸ்விட்ச்' அங்கே இருக்கும். ஆனால் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 1995-இல் சிகாகோவின் டபிள்யூபிஇஇசட் நிலையத்தில் தொடங்கியது. 'ரேடியோலேப்' நியூயார்க்கின் டபிள்யூஎன்ஒய்சி-யில் பிறந்தது. கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளேயே கைதிகள் சேர்ந்து தயாரித்த 'இயர் ஹசில்' 2017 முதல் பிஆர்எக்ஸ் என்ற அமைப்பின் ரேடியோடோப்பியா என்ற பாட்காஸ்ட் தொகுப்பு வழியாக வந்தது. என்பிஆர், பிஆர்எக்ஸ், ஏபிஎம் மூன்றும் நிலையங்களுக்கு நிகழ்ச்சி வழங்கும் தனித்தனி அமைப்புகள். உள்ளூர் நிலையங்கள் இன்னொரு அடுக்கு. ஆகவே அமெரிக்காவுக்கு நிலையம் நிலையமாகத் தேட வேண்டும்: சிகாகோவுக்கு ஒன்று, நியூயார்க்குக்கு ஒன்று, பாஸ்டனின் டபிள்யூபியூஆர், சான் பிரான்சிஸ்கோவின் கேக்யூஇடி. 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிறு நிலையங்கள் அதில் அடிபடுகின்றன. மனதுக்குப் பிடித்த சிறு நிலையத் தொடர் ஏதாவது இருந்தால் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

தரவரிசையை மூடச் சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அது வேறு நாட்டுத் தரவரிசை. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் தளத்தை எந்தப் பிரவுசரிலும் திறக்கலாம், ஐபோன் தேவையில்லை. முகவரியின் நடுவே நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து இருக்கும். இந்தியாவுக்கான in என்பதை அழித்துவிட்டு gb போட்டால் பிரிட்டன், au போட்டால் ஆஸ்திரேலியா, ca கனடா, ie அயர்லாந்து, nz நியூசிலாந்து. பொதுப் பட்டியலைப் பார்க்காதீர்கள், அது எல்லா நாட்டிலும் குற்றக் கதையும் அரட்டையும்தான். வரலாறு, அறிவியல், ஆவணம் (டாக்குமென்டரி) என்ற பிரிவுகளுக்குள் போய், தயாரிப்பாளர் பெயரில் அந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் இருப்பதை மட்டும் பொறுக்குங்கள். சின்ன நாடுகளில் இந்த வழி நன்றாக வேலை செய்யும். ஆர்டிஇ-யின் 'டாக்குமென்டரி ஆன் ஒன்' அப்படிக் கிடைக்கிற ஒன்று: ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள், பெரும்பாலும் சாதாரண மனிதர்களைப் பற்றியவை, இலவசம்.

விருதுப் பட்டியல் இன்னொரு சுரங்கம். அமெரிக்காவின் பீபடி விருதும், 1948 முதல் இத்தாலியின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ராய் நடத்திவரும் பிரி இத்தாலியா விருதும் ஆண்டுவாரியாக வென்றவற்றைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. இந்த ஆண்டுப் பட்டியலைவிட ஐந்து பத்து வருடம் முந்தைய பட்டியல் நல்லது. அன்றைய பரபரப்பு அடங்கியபிறகும் கேட்கத் தகுந்ததாக நிற்கிறதா என்று பார்க்கலாம் அல்லவா?

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த முறை, நிகழ்ச்சியைத் தேடாமல் பொருளைத் தேடுவது. லிஸன் நோட்ஸ் என்ற தளம் எபிசோட் அளவில் தேடித் தரும். ஒரு வரலாற்றாசிரியரின் பெயரையோ ஓர் ஆய்வுப் பொருளையோ மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், அவர் எந்தெந்த நாட்டு நிகழ்ச்சிகளில் பேசியிருக்கிறார் என்று வரிசையாக வரும். அதில் இரண்டு நல்ல பொது வானொலி நிகழ்ச்சிகள் தலைகாட்டினால் அந்த நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொள்ளலாம். வேண்டிய எபிசோடை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் சப்ஸ்கிரைப் செய்து, நானூறு கேட்காத எபிசோட்களைக் குவித்துவிட்டு, கடைசியில் ஆப்பையே திறக்காமல் விடுவதுதான் பெரும்பாலோர் கதை.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். ரேடியோ 4-இன் 'இன் அவர் டைம்' 1998-இல் தொடங்கியது. 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். அமைப்பு எளிது: ஒரு பொருள், மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி. இசை இல்லை, சிரிப்பு இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. முதல் நிமிடத்திலேயே பொருளுக்குள் இறங்கிவிடுவார்கள். அசோகர், பகவத் கீதை, இந்தியக் கணிதம், முகலாயப் பேரரசு என நமக்கு அறிமுகமான தலைப்புகளும் உண்டு. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல் இருப்பதால் பிபிசி பழையவற்றை வரலாறு, அறிவியல், பண்பாடு, தத்துவம், சமயம் என்று ஐந்து தனி ஃபீடுகளாக, அதாவது எபிசோட்களை ஆப்புக்குக் கொண்டுவரும் தனித்தனி இணைய முகவரிகளாக, பிரித்து வைத்திருக்கிறது. முதன்மை ஃபீடில் பழையது கிடைக்கவில்லை என்று புலம்புவோர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வானொலியில் வராத ஒரு பகுதியும் பாட்காஸ்டில் உண்டு. நிகழ்ச்சி முடிந்தபின், 'எதை விட்டுவிட்டோம்?' என்று கேட்டு மூவரையும் மேலும் சில நிமிடம் பேசவிடுவார்கள். அப்போது அவர்கள் இறுக்கம் தளர்ந்து, சொல்லத் தயங்கியதைச் சொல்வார்கள். தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்பது வரை பதிவாகியிருக்கும். ஒவ்வொரு எபிசோடின் பக்கத்திலும் வாசிப்புப் பட்டியல் ஒன்று இருக்கும். நூலகத்துக்குப் போகிறவர்களுக்கு அதுவே பாதி ஆதாயம்.

உங்கள் ஆங்கிலத்துக்கும் பேருந்துக்கும் இதை முதலில் தரமாட்டேன். மூவரும் வேகமாகப் பேசுவார்கள். பிபிசி உலக சேவையின் 'விட்னஸ் ஹிஸ்டரி'யில் தொடங்குங்கள்: ஒரு சம்பவம், அதை நேரில் கண்ட ஒருவர், சுமார் பத்து நிமிடம். அடுத்து 'மோர் ஆர் லெஸ்'. செய்தியில் அடிபடும் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது, சரியா என்று துருவுவார்கள். ஒரே ஃபீடில் ரேடியோ 4-க்கான அரைமணிப் பதிப்பும் உலக சேவைக்கான பத்து நிமிடத்துக்குள் அடங்கும் பதிப்பும் கலந்து வரும், குட்டியானதை எடுங்கள். பிரிட்டிஷ் உள்நாட்டு அரசியல் அதில் குறைவு.

பொருளாதாரத்துக்கு 'பிளானட் மனி'. 2008-இல் அமெரிக்க வீட்டுக்கடன் சரிவை விளக்கி 'திஸ் அமெரிக்கன் லைஃப்' ஒலிபரப்பிய 'தி ஜயன்ட் பூல் ஆஃப் மனி' என்ற ஒரு மணி நேரத்திலிருந்துதான் இது கிளைத்தது. இன்றும் அந்த ஒரு எபிசோடை வங்கிக்கடன் புரிய விரும்புகிற யாருக்கும் கொடுக்கலாம். 2013-இல் இவர்கள் ஒரு டி-ஷர்ட்டைத் தாங்களே தயாரிக்கச் செய்து அதன் பாதையைப் பின்தொடர்ந்தார்கள்: மிசிசிப்பியில் பருத்தி, இந்தோனேசியாவில் நூற்பு, ஆண்கள் சட்டை வங்கதேசத்தில், பெண்கள் சட்டை கொலம்பியாவில். திருப்பூர்க்காரர்கள் கேட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்த்துச் சொல்ல அவர்களிடம் விஷயம் இருக்கும்.

புதிய நிகழ்ச்சி ஒன்றை எடைபோட, அதன் கடைசி எபிசோடைக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் பழையதும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளைப் பற்றியதுமான ஒன்றை எடுங்கள். நீங்கள் நெசவு அறிந்தவரென்றால் நெசவு, இந்தியத் தேர்தல் அறிந்தவரென்றால் அது. உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலேயே ஊர்ப்பெயரும் காரணமும் பிசகினால், தெரியாத விஷயத்தில் அவர்களை நம்ப வேண்டியதில்லை.

இனி கருவி. ஸ்பாட்டிஃபையில் ஃபீட் முகவரியை நீங்களாகச் சேர்க்க வழியில்லை. அது காட்டுவதுதான் உங்களுக்கு. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் போதும்: இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை. கொஞ்சம் பளபளப்பு வேண்டுமென்றால் பாக்கெட் காஸ்ட்ஸ். 2018 முதல் 2021 வரை அதை என்பிஆரும் சில அமெரிக்க நிலையங்களும் சேர்ந்தே வைத்திருந்தன என்பது உபரித் தகவல்.

ஆன்டெனாபாடில் புதிய பாட்காஸ்ட் சேர்க்கும் திரையில் இரண்டு வழி. பெயர் போட்டுத் தேடலாம். ஆப்பிள் பட்டியலிலும் பாட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற பொதுப் பட்டியலிலும் தேடும். அல்லது நிலையத்தின் தளத்தில் உள்ள ஆர்எஸ்எஸ் இணைப்பை (அதுதான் ஃபீட் முகவரி) நகலெடுத்து ஒட்டலாம். இரண்டாவதே நிச்சயம். 'ஐடியாஸ்', 'தி டாக்குமென்டரி' என்று பொதுப்பெயர் கொண்ட நிகழ்ச்சிகளைத் தேடினால் அதே பெயரில் ஐம்பது வரும். சில, அடுத்தவர் ஒலியைத் திருடி ஏற்றியவை. பெயரால் தேடுவதானால் நிலையத்தின் பெயரையும் சேர்த்துத் தேடி, தயாரிப்பாளர் வரியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

டவுன்லோடுக்கு மொபைல் டேட்டாவை அமைப்பிலேயே தடுத்துவிடுங்கள். வினாடிக்கு 128 கிலோபிட் ஒலி, மணிக்கு ஏறத்தாழ 58 எம்பி பிடிக்கும். அரைமணி நிகழ்ச்சி 29 எம்பி. தானாக இறக்கும் எபிசோட்களுக்கு 25 என்று எல்லை வைத்தால், அரைமணிக் கணக்கில் முக்கால் ஜிபிக்குள் அடங்கும். கேட்டு முடித்ததும் அழிந்துவிடும்படி வையுங்கள். தானியங்கி டவுன்லோடை இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு மட்டும் கொடுத்து, மற்றவற்றில் தலைப்பைப் பார்த்துக் கையால் பொறுக்குவது நல்லது. உலக சேவையின் 'தி டாக்குமென்டரி' மாதிரி பல தொடர்கள் ஒரே ஃபீடில் கொட்டும் இடங்களில், குறிப்பிட்ட சொல் தலைப்பில் இருந்தால் மட்டும் இறக்கு, இந்தச் சொல் இருந்தால் விடு என்று வடிகட்டி வைக்கும் வசதியும் அந்த ஆப்பில் உண்டு.

வேகத்தை 1.5-க்கு ஏற்றச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். பழகாத உச்சரிப்புக்கு 0.9 வையுங்கள், ஒரு மாதம் கழித்து 1-க்கு வந்துவிடலாம். மௌனத்தை வெட்டித் தள்ளும் வசதி உரையாடல் நிகழ்ச்சிக்குப் பரவாயில்லை. ஆவணத்துக்கு அது கொலை. ஒருவர் பதில் சொல்லுமுன் எடுத்துக்கொள்ளும் மூன்று வினாடிதான் அங்கே விஷயமே. பேருந்தில் இன்னொரு தொல்லையும் வரும். நல்ல ஆவணத்தில் கிசுகிசுப்பும் கடல் இரைச்சலும் அடுத்தடுத்து இருக்கும். டீசல் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி காதில் விழாது. ஒரே சீரான குரலில் பேசும் நிகழ்ச்சிகளைப் பயணத்துக்கும், ஆர்டிஇ வகை ஆவணங்களை இரவில் வீட்டுக்கும் ஒதுக்குங்கள். குறிப்பிட்ட பாட்காஸ்டின் ஒலியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ ஆன்டெனாபாடில் தனி அமைப்பு இருக்கிறது.

புரியாமல் போனால் எழுத்துவடிவம் கைகொடுக்கும். என்பிஆர் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் ஏபிசி ரேடியோ நேஷனலின் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் முழு எழுத்துவடிவம் தளத்திலேயே கிடைக்கிறது. பிபிசி ஆண்டுதோறும் ஒலிபரப்பும் ரீத் சொற்பொழிவுகளுக்கும் உண்டு; 1948-இல் பெர்ட்ரண்ட் ரசல் தொடங்கிவைத்த வரிசை அது. கனடாவின் மாஸி சொற்பொழிவுகள் அதன் தம்பி மாதிரி, 1961 முதல். 1967-இல் பேசியவர் மார்ட்டின் லூதர் கிங். சொற்பொழிவு என்பதால் ஒரே குரல், நிதான வேகம், பேருந்துக்கும் ஒத்துவரும்.

அடிக்கடி வரும் சிக்கல்கள் சில. பிபிசியின் சொந்த ஆப்பான பிபிசி சவுண்ட்ஸ் 2025 ஜூலையிலிருந்து பிரிட்டனுக்கு வெளியே கிடையாது. அதைப் பார்த்து பிபிசியே போய்விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு; பாட்காஸ்ட் ஃபீடுகள் எல்லா ஆப்பிலும் வழக்கம்போல வருகின்றன. பிரிட்டிஷ்காரர்கள் பிபிசிக்காகக் கட்டும் உரிமக் கட்டணத்தைக் கட்டாத நமக்கு விளம்பரம் சேர்த்துத் தருகிறார்கள், சில நிகழ்ச்சிகள் சில வாரம் தாமதமாக வரும், அவ்வளவுதான். இந்த விளம்பரங்கள் கேட்பவரின் நாட்டைப் பார்த்து நடுவில் செருகப்படுபவை. அதனால் யாராவது '12-ஆவது நிமிடத்தில் கேளுங்கள்' என்று சொன்னால் உங்கள் பிரதியில் அது 13-இல் இருக்கலாம்.

இசை நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்டில் தேடி ஏமாறாதீர்கள். வானொலியில் ஒலிக்கச் செய்யும் உரிமை வேறு, டவுன்லோடுக்கான உரிமை வேறு. 1942 முதல் ஓடும் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' விருந்தினர் தேர்ந்தெடுத்த எட்டு இசைத்தட்டுகளைச் சுற்றியே நடப்பது. பாட்காஸ்டில் அந்தப் பாட்டுகள் துணுக்காகத்தான் வரும். பேச்சுக்காகக் கேட்கலாம்.

'திஸ் அமெரிக்கன் லைஃப்' ஃபீடில் அண்மைய எபிசோட்கள் மட்டுமே நிற்கும். பழையவை அதன் தளத்தில் இருக்கின்றன, அங்கேயே கேட்க வேண்டும். ஒரு ஃபீட் மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் நின்றால் அதன் முகவரியைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். புதிய தேதியோடு எழுத்துக் குவியல் வந்தால் கோளாறு ஆப்பில். பக்கமே இல்லை என்று வந்தால் ஃபீட் இடம் மாறிவிட்டது, பாட்காஸ்ட் இண்டெக்ஸில் மறுபடி தேடுங்கள். சிலசமயம் ஃபீட் அப்படியே இருந்து உரிமையாளர் மாறுவதும் உண்டு. ஒரே வழக்கில் ஆறு முறை விசாரிக்கப்பட்ட கர்டிஸ் ஃபிளவர்ஸின் கதையை 2018-இல் சொன்ன 'இன் தி டார்க்' ஏபிஎம் என்ற பொது வானொலி அமைப்பில் பிறந்தது. 2019-இல் அவருடைய தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 முதல் அந்த நிகழ்ச்சி 'நியூயார்க்கர்' இதழின் கையில். தரம் குறையவில்லை, ஆனால் பொது வானொலிப் பட்டியலில் தேடினால் இனிக் கிடைக்காது.

புதியது வரவில்லையே என்ற புகாருக்குப் பாதிக் காரணம் விடுமுறை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் டிசம்பர், ஜனவரி கோடைக்காலம். நிறைய மறு ஒலிபரப்புகள் வரும். 'இன் அவர் டைம்' வட அரைக்கோளத்தின் கோடையில் ஓய்வெடுக்கும். அந்த மாதங்களில் மற்ற அரைக்கோளத்துக்குப் போய்விடுங்கள்.

ஆங்கிலத்துக்கு வெளியே போக ஆசை இருந்தால், பிரெஞ்சு படிப்பவர்களுக்கு பிரான்சின் சர்வதேச வானொலியான ஆர்எஃப்ஐ-யின் எளிய பிரெஞ்சுச் செய்தி நாள்தோறும் பத்து நிமிடம், எழுத்துவடிவத்தோடு வருகிறது. ஜெர்மனுக்கு அந்நாட்டுச் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சு வெல்லேயின் மெதுவாக வாசிக்கும் செய்தி. இரண்டும் பாடமாகவும் செய்தியாகவும் பயன்படும்.

தமிழில், பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கி 2017-இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. இன்று பாட்காஸ்டாக ஒழுங்காக ஃபீடுடன் வருவதில் ஆஸ்திரேலியாவின் பன்மொழிப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ்ஸின் தமிழ்ப் பிரிவை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே குடியேறிய தமிழர்களுக்கான செய்தி நிறைய இருக்கும், ஆனால் நீண்ட நேர்காணல்கள் எங்கிருந்து கேட்பவருக்கும் உரியவை. வத்திக்கான் வானொலிக்கும் தமிழ்ப் பிரிவு உண்டு. ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியறிக்கைகளும் நேரலையும் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் கிடைக்கும்; ஆனால் அதன் நாடகங்களும் உரைச்சித்திரங்களும் இப்படிச் சப்ஸ்கிரைப் செய்து கேட்கும் வடிவில் வருவதில்லை, அது ஒரு பெரிய குறைதான்.

கடைசியாக, பட்டியல் ஓரளவு சேர்ந்ததும் ஆன்டெனாபாடில் ஓபிஎம்எல் கோப்பாக (எல்லா ஃபீட் முகவரிகளும் அடங்கிய கோப்பு) ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும், நாளைக்கு ஆப்பை மாற்றினாலும், அந்த ஒரு கோப்பைக் கொடுத்தால் எல்லா ஃபீடும் ஒரே நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். எந்த எபிசோட் வரை கேட்டீர்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. அதுவும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே உள்ள டேட்டாபேஸ் ஏற்றுமதியைச் செய்யுங்கள்.